கைரான் கிரகத்தை ஆள்வது எப்படி: ஆல்ஃபா சென்டாரி விளையாட முழுமையான வழிகாட்டி

சிட் மையர்ஸ் ஆல்ஃபா சென்டாரி என்ற கம்ப்யூட்டர் வியூக கேமைப் புதிதாக விளையாட வருகிறவர்கள் பெரும்பாலும் சொந்த ஊருக்குள்தான் தோற்கிறார்கள். படையைத் திரட்டி எதிரி எல்லைக்கு அனுப்பியிருப்பார்கள். அந்த நேரம் பார்த்துப் பின்னால் இருக்கும் தளத்தில் தொழிலாளர்கள் கலகம் செய்வார்கள். உற்பத்தி நின்றுவிடும், ஆயுதம் வராது, போரும் பாதியில் படுத்துவிடும். எந்தத் துப்பாக்கியை எப்போது செய்வது என்று சொல்லும் குறிப்புகள் நிறையவே இருக்கின்றன. நான் ஊரிலிருந்து தொடங்குகிறேன். இந்தக் கேமை அப்படித்தான் விளையாட வேண்டும் என்று பல வருட அனுபவத்தில் உறுதியாக நம்புகிறேன்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐக்கிய நாடுகள் சபை 'யூனிட்டி' என்ற கப்பலில் மனிதர்களை ஆல்ஃபா சென்டாரிக்கு அனுப்புகிறது. போய்ச் சேரும் நேரத்தில் உலை பழுதாகிறது, கேப்டன் கார்லண்ட் கொல்லப்படுகிறார், கப்பலில் இருந்தவர்கள் ஏழு அணிகளாகப் பிரிந்து கைரான் என்ற கிரகத்தில் இறங்குகிறார்கள். நிலத்துக்காக மட்டும் அவர்கள் சண்டை போடவில்லை. மனிதன் இனி எப்படி வாழ வேண்டும் என்பதில் ஏழு பேருக்கும் ஏழு கொள்கை. ஃபிராக்ஸிஸ் நிறுவனத்துக்காக பிரையன் ரெனால்ட்ஸ் வடிவமைத்த இந்தக் கேம் 1999 பிப்ரவரியில் வந்தது. ஏலியன் கிராஸ்ஃபயர் என்ற கூடுதல் தொகுப்பு அதே ஆண்டு பிற்பகுதியில் வந்து, இன்னும் ஏழு அணிகளைச் சேர்த்தது. இப்போது இரண்டும் ஒன்றாகவே கோக் (GOG) இணையதளத்தில் கிடைக்கின்றன. பழைய கேம் என்பதால் திரை அளவு சரியாக வரவில்லை என்றால், ரசிகர்கள் செய்த பிராக்ஸ் என்ற இணைப்பைப் போட்டுக்கொள்ளுங்கள்.

படி 1: அணியைத் தேர்ந்தெடுங்கள்

முதல் ஆட்டத்துக்குக் கமிஷனர் பிரவின் லாலை எடுங்கள். அமைதிப் படையின் தலைவரான இந்த இந்தியர் ஐ.நா. சாசனத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பவர். அவருடைய தளங்களில் நான்கு பேருக்கு ஒருவர் கூடுதலாக 'டாலண்ட்' ஆவார், அதாவது மனநிறைவோடு வாழும் குடிமகன். கலகத்தைத் தடுக்க இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. எல்லா அணிகளும் ஓட்டுப் போடும் கவுன்சில் தேர்தலிலும் அவருக்கு இரட்டை ஓட்டு. நிர்வாகத் திறனில் ஒரு புள்ளி குறையும், அது பெரிய சுமை இல்லை.

பேராசிரியர் ஸகாரோவின் பல்கலைக்கழகம் பலரைக் கவரும். ஆராய்ச்சிக்கு 2 புள்ளி கூடுதல், தளம் தோறும் ஆராய்ச்சியைக் கூட்டும் நெட்வொர்க் நோடு என்ற கட்டடம் இலவசம். ஆனால் நான்கு பேருக்கு ஒரு ட்ரோன், அதாவது அதிருப்தியில் இருக்கும் குடிமகன், கூடுதலாக முளைக்கும், எதிரியின் உளவாளிகளும் எளிதில் நுழைவார்கள். புதியவர்கள் அறிவியலுக்கு ஆசைப்பட்டு இவரை எடுத்து, கலகத்தில் சிக்கி, கேமே பிடிக்கவில்லை என்று விட்டுவிடுகிறார்கள். இரண்டாவது மூன்றாவது ஆட்டத்துக்கு இவரை வைத்துக்கொள்ளுங்கள்.

டீர்ட்ரே ஸ்கையின் கயா அணி காட்டோடும் கிரகத்தில் படர்ந்திருக்கும் பூஞ்சையோடும் ஒத்துப்போகும், அதிலிருந்து வரும் மனப்புழுக்கள் என்ற ஆபத்தான உயிரினங்களைப் பிடித்துத் தன் படையில் சேர்த்துக்கொள்ளும். சேர்மன் யாங்கின் ஹைவ் ஆள் பெருக்கத்திலும் தொழிலிலும் வலு, பணத்தில் பலவீனம். கம்ப்யூட்டர் இவரை ஆடினால் பெரும்பாலும் இவர்தான் மேப்பில் பெரிய ஆளாக வளர்ந்து நிற்பார். மார்கனுக்குப் பணம் கொட்டும், ஆனால் 4 பேருக்கு மேல் தளம் வளர ஹேப் காம்ப்ளெக்ஸ் என்ற குடியிருப்பு கட்டியாக வேண்டும். மற்றவர்களுக்கு அந்த வரம்பு 7, லாலுக்கு 9. கர்னல் சான்டியாகோவின் ஸ்பார்ட்டன்கள் சண்டைக்காரர்கள். சிஸ்டர் மிரியமின் விசுவாசிகளுக்குத் தாக்கும்போது 25 சதவீதம் கூடுதல் பலம் உண்டு, ஆராய்ச்சி மட்டும் கேமின் காலக்கணக்கில் 2110-ஆம் ஆண்டு வரை நகரவே நகராது. மிரியம் பக்கத்தில் இறங்கியிருந்தால் முதல் நாளிலிருந்தே காவலைப் பலப்படுத்துங்கள்.

படி 2: முதல் 30 டர்ன்

ஒரு டர்ன் என்றால் கிரகத்தில் ஒரு ஆண்டு. முதல் தளத்தை இறங்கிய இடத்திலேயே வையுங்கள். நல்ல இடம் தேடி நான்கு டர்ன் அலைந்தால் அந்த இழப்பைப் பிறகு ஈடுகட்டவே முடியாது. அடுத்து, தளத்தை ஆட்டோமேட்டிக்காக நடத்தும் கவர்னரை அணைத்துவிடுங்கள். அது வேண்டாத கட்டடங்களைக் கட்டிப் பராமரிப்புச் செலவை ஏற்றிவிடும்.

கட்டும் வரிசை எளிது. முதலில் ஒரு ஸ்கவுட் (எளிய காலாட்படை), ஊருக்குக் காவலாக. அப்புறம் புதிய தளம் அமைக்கும் காலனி பாட் ஒன்று, நிலத்தைப் பண்படுத்தும் டெர்ராஃபார்மர் ஒன்று, மறுபடி காலனி பாட். ஸ்கவுட்டுக்கு 10 தாதுக்கள், டெர்ராஃபார்மருக்கு 20, காலனி பாடுக்கு 30 பிடிக்கும். காலனி பாட் தளத்திலிருந்து ஒருவரையும் எடுத்துக்கொண்டு போகும் என்பதால், 2 பேர் சேரும் நேரமும் பாட் முடியும் நேரமும் ஒத்துவருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தளங்களை மூன்று நான்கு கட்ட இடைவெளியில் நெருக்கமாக வைத்தால் போதும். தளம் ஒவ்வொன்றும் சுற்றிலும் 20 கட்டங்கள் வரை உழைக்கலாம், ஆனால் அந்த 20 கட்டத்திலும் உழைக்க ஆள் சேருவதற்குள் ஆட்டம் பாதி முடிந்திருக்கும்.

டெர்ராஃபார்மருக்குச் சென்டாரி எகாலஜி என்ற டெக் (தொழில்நுட்பம்) வேண்டும். டீர்ட்ரே அதோடுதான் தொடங்குகிறார், மற்றவர்கள் முதலில் அதைத் தேடுங்கள். கப்பலிலிருந்து விழுந்து தரையில் கிடக்கும் பெட்டிகளான யூனிட்டி பாடுகளை ஸ்கவுட்டை வைத்துத் திறந்துகொண்டே இருங்கள். பணம் கிடைக்கலாம், புழுவும் வரலாம். அதனால் காவலே இல்லாத தளத்துக்கு அருகில் கிடப்பதைத் திறக்காதீர்கள்.

படி 3: நிலத்தைப் படியுங்கள்

கைரானில் காற்று மேற்கிலிருந்து கிழக்கே வீசுகிறது. மலையின் மேற்குச் சரிவில் மழை, கிழக்குச் சரிவில் வறட்சி. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் தென்மேற்குப் பருவக்காற்று செய்வதை அறிந்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். ஈரமான மேற்குச் சரிவில் பண்ணை போடுங்கள். உயரமான இடத்தில் சூரியத் தகடு வையுங்கள், ஒவ்வொரு 1000 மீட்டருக்கும் ஆற்றல் ஒன்று கூடும்.

முதல் கட்டத்தில் ஒரு விதி பலருக்குத் தெரிவதில்லை. ஜீன் ஸ்ப்ளைசிங் கண்டுபிடிக்கும்வரை, விசேஷ வளம் இல்லாத ஒரு கட்டத்தில் 2 உணவுக்கு மேல் எடுக்க முடியாது. தாதுக்கு எகலாஜிகல் இன்ஜினியரிங்கும், ஆற்றலுக்கு என்விரான்மென்டல் எகனாமிக்ஸும் இதே பூட்டைத் திறக்கின்றன. அதுவரை பெரிய சுரங்கங்களில் உழைப்பைக் கொட்டுவது வீண். காடு நடுங்கள். காட்டுக் கட்டம் 1 உணவு, 2 தாது, 1 ஆற்றல் தரும், எந்த வறண்ட நிலத்திலும் வரும், தானாகவே பரவும், சுற்றுச்சூழலையும் கெடுக்காது. டீர்ட்ரேயை ஆடாவிட்டாலும் காட்டை நம்பலாம்.

இண்டஸ்ட்ரியல் ஆட்டோமேஷன் வந்ததும் சப்ளை கிராலர் செய்ய முடியும். இதுதான் இந்தக் கேமின் உண்மையான எந்திரம். 30 தாது விலை. ஒரு கட்டத்தில் போய் உட்கார்ந்து, ஆளே இல்லாமல் அங்கிருக்கும் ஒரு வளத்தை ஊருக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். இன்னொரு பயனும் உண்டு. ஒரே ஒரு அணி மட்டும் கட்டி முடிக்கக்கூடிய ரகசியத் திட்டம் ஒன்றைக் கட்டும் தளத்தில் கிராலரைக் கலைத்தால் அதன் முழு விலையும் அதில் சேரும். ஹியூமன் ஜீனோம் புராஜெக்ட் 200 தாது. ஏழு கிராலரை முன்கூட்டியே சேர்த்து வைத்திருந்தால் ஒரே டர்னில் முடித்துவிடலாம், அந்தத் திட்டம் ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு டாலண்ட் தரும். போட்டி அணிகள் அதை ஆண்டுக்கணக்கில் கட்டிக்கொண்டிருக்கும்.

படி 4: ட்ரோன்களைக் கவனியுங்கள்

இந்தக் கேமில் ட்ரோன் என்றால் பறக்கும் கருவி இல்லை. உழைத்துக் களைத்து, ஆட்சியின் மேல் வெறுப்போடு இருக்கும் குடிமகன். தளத்தில் டாலண்டுகளைவிட ட்ரோன்கள் அதிகமானால் கலகம். கலகம் நடக்கும் தளம் எதையும் உற்பத்தி செய்யாது. அப்படியே விட்டுவைத்தால் கட்டடங்கள் நாசமாகும், கடைசியில் தளமே வேறு அணிக்குப் போய்விடலாம்.

ட்ரோன் எப்படி உருவாகிறது? மக்கள்தொகை ஏறும்போது தானாக வரும். கேமின் கடினம் கூடக்கூட சீக்கிரமே வரும். எளிய சிட்டிசன் நிலையில் ஆறு பேர்வரை நிம்மதியாக இருப்பார்கள், டிரான்செண்ட் நிலையில் இரண்டாவது ஆளே ட்ரோன்தான். தளங்களின் எண்ணிக்கை ஓர் அளவைத் தாண்டினால் நிர்வாகம் பெருத்து அதனாலும் ட்ரோன் வரும். எதிரியிடமிருந்து கைப்பற்றிய ஊரில் மக்கள் உங்களை ஏற்றுக்கொள்ளக் காலம் ஆகும், அதுவரை அங்கே கூடுதல் ட்ரோன்.

இவற்றைவிட மோசமானது போரால் வரும் ட்ரோன். ஸகாரோவை எடுத்து நான் ஆடிய ஒரு ஆட்டம் நினைவிருக்கிறது. ஃப்ரீ மார்க்கெட் பொருளாதாரத்தில் பணம் குவிந்துகொண்டிருந்தது. மிரியம் தொல்லை கொடுத்ததால் நான்கு ரோவர்களை (வேகமான வண்டிப் படை) ஒரே தளத்தில் கட்டி எல்லை தாண்டி அனுப்பினேன். அடுத்த டர்னில் அந்தத் தளத்தின் திரையைத் திறந்தால், நேற்றுவரை சாதாரணமாக நின்ற குடிமக்கள் வரிசை முழுக்கச் சிவந்த முகங்கள். மேலே கலகம் என்ற அறிவிப்பு. காரணம் தெரியாமல் ரெக்ரியேஷன் காமன்ஸ் என்ற பொழுதுபோக்குக் கூடத்தைக் கட்டப் பார்த்தேன், உற்பத்தியே நின்றுபோயிருந்ததால் அதுவும் நகரவில்லை. ரோவர்களைத் திருப்பி அழைத்ததும் ஊர் அடங்கியது.

நடந்தது இதுதான். ஃப்ரீ மார்க்கெட் காவல் அளவை 5 புள்ளி இறக்குகிறது. அந்த நிலையில், எல்லைக்கு வெளியே இருக்கும் ஒவ்வொரு படைப் பிரிவும் தன் பராமரிப்பைத் தாங்கும் தளத்தில் 2 ட்ரோன்களை உண்டாக்கும். மகனை அயல் மண்ணில் சண்டைக்கு அனுப்பிவிட்டு வீட்டில் சந்தை நடத்தும் ஊரின் கோபம் அது. 1999-ல் ஒரு விளையாட்டு இதை எண்களால் உணர்த்தியது என்பதால்தான் இந்தக் கேமை இவ்வளவு நேசிக்கிறேன்.

என்ன செய்யலாம்? ஒவ்வொரு தளத்திலும் நான்கு பேர் சேருவதற்கு முன்னால் ரெக்ரியேஷன் காமன்ஸ் கட்டுங்கள், 2 ட்ரோன்கள் குறையும். ஊரில் ஒரு படைவீரரைக் காவலாக வையுங்கள், ஃப்ரீ மார்க்கெட்டில் மட்டும் அது பலிக்காது. அவசரத்துக்கு ஒரு தொழிலாளியை டாக்டராக மாற்றுங்கள், ஊர் அன்றைக்கே அமைதியாகும். ஆற்றலில் ஒரு பங்கைச் சைக், அதாவது மக்களின் மனநிறைவு, பக்கம் ஒதுக்குவதும் உதவும். பல்கலைக்கழகத்தை ஆடினால் விர்ச்சுவல் வேர்ல்ட் திட்டத்தை எப்பாடுபட்டாவது கட்டுங்கள். உங்கள் நெட்வொர்க் நோடு ஒவ்வொன்றும் பொழுதுபோக்கு அரங்காகவும் வேலை செய்யும்.

இன்னொரு வழியையும் கேம் கையில் கொடுக்கிறது. நரம்பில் ஆணி அடிப்பது, நெர்வ் ஸ்டேப்ளிங். ஒரு பொத்தானை அழுத்தினால் தளம் சில காலம் அடங்கிவிடும். அது கொடுமைச் செயலாகப் பதிவாகும், மற்ற அணிகள் வணிகத்தை நிறுத்தும். அந்தத் தண்டனையைக் கணக்குப் போட்டுப் பார்த்து லாபம் என்று சொல்பவர்கள் உண்டு. நான் ஒருபோதும் அதை அழுத்துவதில்லை, உங்களுக்கும் சொல்ல மாட்டேன். டாக்டர் வைத்துச் சமாளிக்க முடியாத ஊரை நான் இதுவரை பார்த்ததில்லை.

படி 5: சமூகத்தை அமைப்பது

சோஷியல் இன்ஜினியரிங் திரையில் அரசியல், பொருளாதாரம், விழுமியம், எதிர்காலச் சமூகம் என்று நான்கு வரிசைகள். தொடக்கத்தில் முதல் இரண்டு போதும். டெமாக்ரடிக் ஆட்சி நிர்வாகத் திறனையும் வளர்ச்சியையும் 2 புள்ளி கூட்டும், படையைத் தாங்கும் சக்தியை 2 குறைக்கும். பிளான்ட் (திட்டமிட்ட) பொருளாதாரம் வளர்ச்சியை 2, தொழிலை 1 கூட்டி, நிர்வாகத் திறனை 2 குறைக்கும். இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் நிர்வாகக் கணக்கு ஈடாகிவிடும், வளர்ச்சி 4 ஆகும். தளத்தில் சில்ட்ரன்ஸ் கிரெஷ் என்ற குழந்தைகள் காப்பகம் கட்டினால் இன்னொரு 2. வளர்ச்சி 6-ஐ எட்டினால் போதிய உணவு இருக்கும்வரை ஒவ்வொரு டர்னும் ஒருவர் பெருகுவார். ஆட்டக்காரர்கள் பாப் பூம் என்று சொல்வது இதைத்தான். பத்து டர்னில் உங்கள் நாடு இரண்டு மடங்காகும். ஆனால் ரெக்ரியேஷன் காமன்ஸும் காவலும் எல்லாத் தளத்திலும் தயாரான பிறகே இதைத் தொடங்குங்கள், இல்லாவிட்டால் எல்லா ஊரும் ஒன்றாகக் கொதிக்கும்.

ஜனத்தொகை வரம்பைத் தொட்டதும் ஃப்ரீ மார்க்கெட்டுக்கு மாறலாம். ஆற்றல் தரும் கட்டம் ஒவ்வொன்றும் ஒன்று கூடுதலாகத் தரும். போர் வந்தால் படை கிளம்புவதற்கு முந்தைய டர்னிலேயே அதைக் கைவிடுங்கள். மாற்றுவதற்கு ஆகும் பணத்தைப் பார்த்துத் தயங்க வேண்டாம்.

படி 6: அண்டை அணிகளோடு பழகுவது

ஒவ்வொரு தலைவருக்கும் பிடித்த கொள்கை ஒன்று உண்டு. லாலுக்கு ஜனநாயகம், யாங்குக்குக் காவல் ஆட்சி, மார்கனுக்குச் சந்தை, டீர்ட்ரேக்குப் பசுமை, மிரியமுக்கு மத ஆட்சி, ஸகாரோவுக்கு அறிவு, சான்டியாகோவுக்குப் பலம். அவர்களுடைய கொள்கையை நீங்களும் கடைப்பிடித்தால் முகம் மலர்வார்கள். எதிராக நடந்தால் வெண்டெட்டா, அதாவது பகைப் போர். அதனால் மேப்பில் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு ஆட்சி முறையைத் தீர்மானியுங்கள். தூரத்தில் இருப்பவரின் கோபம் உங்களை வந்து சேர ஐம்பது வருடம் ஆகும்.

பிளானட்டரி நெட்வொர்க்ஸ் டெக் வந்ததும் ஒவ்வொரு அண்டை அணிக்கும் ஒரு புரோப் டீம் (உளவுக் குழு) அனுப்பி, முதலில் அவர்களுடைய தகவல் தொகுப்பில் ஊடுருவுங்கள். யார் எதைக் கட்டுகிறார்கள் என்று எல்லாம் தெரிந்துவிடும். டெக் திருடுவது அடுத்த வேலை. எதிரி தளத்தில் கலகத்தைத் தூண்டவும், பணம் இருந்தால் தளத்தையே விலைக்கு வாங்கவும் முடியும், தலைமையகத்தை மட்டும் வாங்க முடியாது. இதையெல்லாம் எதிரியும் உங்களுக்குச் செய்வார். எல்லைத் தளங்களில் உங்கள் புரோப் டீம் ஒன்று காவலுக்கு நிற்கட்டும்.

எல்லா அணிகளையும் சந்தித்துவிட்டால் கவுன்சிலைக் கூட்டி ஆளுநர் தேர்தல் நடத்தலாம். ஓட்டு மக்கள்தொகையைப் பொறுத்தது. பாப் பூம் முடித்த லால் இதில் தோற்பது அபூர்வம்.

படி 7: போரும் புழுவும்

போரைத் தள்ளிப்போட முடிந்தவரை தள்ளிப்போடுங்கள். தவிர்க்கவே முடியாவிட்டால் வேகமாக முடியுங்கள். நான்லீனியர் மேத்தமேட்டிக்ஸ் தரும் பார்ட்டிகிள் இம்பாக்டரின் தாக்குதல் பலம் 4. அந்த நேரத்தில் எதிரியிடம் பெரும்பாலும் 1 அல்லது 2 கவசம்தான் இருக்கும். இந்த ஆயுதத்தோடு ஆறேழு ரோவர்களை ஒரே நேரத்தில் கொண்டுபோனால் இரண்டு மூன்று தளங்கள் விழுந்துவிடும். ஒவ்வொன்றாக அனுப்பினால் ஒவ்வொன்றாகச் சாகும். பெரிமீட்டர் டிஃபென்ஸ் என்ற சுற்றரண் கட்டிய தளத்தில் காப்பு இரண்டு மடங்கு, அங்கே ரோவரை முட்ட விடாதீர்கள். தளத்தைத் தாக்கும்போது காலாட்படைக்கு 25 சதவீதம் கூடுதல் உண்டு, அவர்களை அழைத்து வாருங்கள். தோற்கும் நிலைக்கு வந்த தலைவர் சரணடைந்து உங்களுக்குப் பணி செய்யச் சம்மதித்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். கடைசித் தளம்வரை துரத்தினால் கலகக்கார ஊர்கள்தான் மிஞ்சும்.

சிவந்த பூஞ்சைக் காட்டிலிருந்து வரும் மனப்புழுக்களிடம் ஆயுதக் கணக்கு செல்லாது. மனவலிமைதான் மோதும். நிலத்தில் தாக்குகிறவருக்கு 3-க்கு 2 என்ற சாதகம் இருப்பதால், புழு ஊரை நெருங்கினால் காத்திருக்காமல் நீங்கள் முந்திக்கொண்டு அடியுங்கள். விலை உயர்ந்த கவசம் எதுவும் தேவையில்லை, அனுபவமுள்ள எளிய ஸ்கவுட்டே போதும். கொன்றால் பணமும் கிடைக்கும். தொழிற்சாலைகளைக் கண்மண் தெரியாமல் பெருக்கினால் கிரகம் பூஞ்சையைப் பொங்க வைத்துப் புழுக்களைக் கூட்டமாக அனுப்பும். டெர்ராஃபார்மர்கள் கட்டிய நிலமெல்லாம் போய்விடும்.

வெற்றிக்கு நான்கு வழிகள்: எல்லாரையும் வெல்வது, கவுன்சிலில் உச்சத் தலைவராவது, ஆற்றல் சந்தையை முழுக்க வாங்குவது, கிரகத்தோடு ஒன்றாகும் கடைசித் திட்டத்தைக் கட்டுவது. முதல் ஆட்டத்தில் கடைசி வழியை முயலுங்கள், கதையின் முழுச் சுவையும் அதில்தான்.

படி 8: கலகக்காரர்களாக ஆடிப் பாருங்கள்

இரண்டு மூன்று ஆட்டம் பழகிய பிறகு கிராஸ்ஃபயரில் ஃபோர்மேன் டோமையின் ஃப்ரீ ட்ரோன்ஸ் அணியை எடுங்கள். புதிய அணிகளில் கடற்கொள்ளையர், ஹேக்கர்கள், வேற்றுக்கிரகவாசிகள் எல்லாரும் உண்டு, ஆனால் என் மனதுக்கு நெருக்கமானது இதுதான். மற்ற ஆறு பேரும் அடக்கப் பார்க்கும் ட்ரோன்கள் சேர்ந்து அமைத்த நாடு இது. தொழில் 2 புள்ளி கூடுதல், ஆராய்ச்சி 2 புள்ளி குறைவு, ஒவ்வொரு தளத்திலும் ஒரு ட்ரோன் குறைவு. வேறு எங்காவது ஒரு தளம் கலகத்தில் கொதித்தால், அது தானாக உங்களோடு வந்து சேர வாய்ப்பு உண்டு. அதனால் இவர்களுடைய படை என்பது புரோப் டீம்தான். ஆராய்ச்சியில் பின்தங்கியதை டெக் திருடி ஈடுகட்டுங்கள், எதிரி ஊர்களில் கலகத்தைத் தூண்டிவிட்டுக் காத்திருங்கள்.

அப்படி யாங்கின் ஊர் ஒன்று உங்கள் பக்கம் வந்தால், மேப்பில் நிறம் மாறியதைப் பார்த்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடாதீர்கள். ஊரின் திரையைத் திறந்து உற்பத்தி வரிசையைப் பாருங்கள். அங்கே ஏதாவது ஆயுதம் பாதியில் நிற்கும். அதை எடுத்துவிட்டு ரெக்ரியேஷன் காமன்ஸை வையுங்கள், கையில் பணம் இருந்தால் அதே டர்னில் வாங்கியும் விடுங்கள்.